பூவாத்தாள் நீட்டிய பொட்டலம்

ஆடி அமாவாசையன்று மட்டும் அந்தக் கோயில் வாசலில் பசி இருக்காது. ஆற்றில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், செத்துப்போனவர்கள் பெயரில் சோற்றுப் பொட்டலங்களை நீட்டிக்கொண்டே போனார்கள். பூவாத்தாள் மடியிலும் ஏழெட்டுச் சேர்ந்துவிட்டது. சூடு ஆறாத ஒன்றை எடுத்து, வைகாசியில் இதே வாசலில் செத்துப்போன மகள் மயிலா பெயரில், பக்கத்தில் இருந்த கிழவனிடம் நீட்டினாள்.

"என்ர கிட்டயே வெக்க எடமில்ல ஆத்தா" என்று அவன் தன் குவியலைக் காட்டினான். வரிசை முழுக்க அதே பதில்தான். எழுந்து போய், ஈர வேட்டியோடு வந்த ஒருவரை மறித்தாள்.

"நீங்களாச்சும் வாங்கிக்குங்க சாமி. எம்புள்ளைக்கு இது மொத ஆடி அமாவாசைங்க."

அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பசிக்கலைன்னா வெச்சுக்கம்மா, ராத்திரிக்கு ஆகும்."

அவர் போன பிறகும் பூவாத்தாள் கையை மடக்கவில்லை. யாராவது ஒருத்தர் வாங்காமலா போய்விடுவார்கள்? படியேறி வந்த ஒரு பெண் நீட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்து நின்றாள். பையைத் துழாவி இன்னொரு பொட்டலத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"எங்கப்பாவ நெனச்சுக்கிட்டுச் சாப்பிடுங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.