ஒற்றைப் படுக்கை

ராணுவம் கழித்துவிட்ட டிரெய்லரை ஏலத்தில் எடுத்து, காட்டுப் பாதைப் பயணத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தார் நெவில். ஆஸ்திரேலியாவின் லாங்ரீச்சில் ஓய்வுபெற்ற எல்லாருக்கும் உள்ள ஊர்சுற்றும் ஆசைதான் என்று நினைத்து, பக்கத்து வீட்டு மெர்வ் வேலியோரம் வந்து நின்றார்.

"பியருக்கு ஃபிரிட்ஜ் எங்கப்பா வைக்கப்போறே?"

"வைக்கலை."

"ஃபிரிட்ஜ் இல்லாம ஊர் சுத்தக் கிளம்புற மொத ஆளு நீதான். அட, படுக்கையும் ஒண்ணுதானா? வெர்னா இதுல படுத்தா நீ எங்கே படுப்பே, மரத்து மேலயா?"

நெவில் போல்ட்டை முடுக்கிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி வெர்னா மூச்சு வாங்க டிரெய்லரில் ஏறி, நீட்டிப் படுத்துப் பார்த்தாள்.

"நாலு விரக்கடை பத்தலை, நெவ். பலகையோட கனத்தையும் சேர்த்துக்க."

"எந்தப் பலகை?" என்றார் மெர்வ்.

"சவப்பெட்டிப் பலகை. எங்க பையனைப் பழைய பண்ணையிலதான் புதைச்சோம், மெர்வ். நானும் அவன் பக்கத்துக்குத்தான் போகணும். சவ வண்டி தார் ரோட்டைத் தாண்டி வராதாம். டாக்டர் குடுத்த கெடு கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்."



"நான் எங்கே படுப்பேன்னு கேட்டியே," என்றார் நெவில், தலை நிமிராமல். "திரும்பி வரும்போது இது காலியாத்தான் இருக்கும்."