பச்சைப் பொத்தான்

போன் எடுக்காத மலையிலிருந்து செய்தி அனுப்புவதற்கென்று கடைக்காரர் காட்டிய இரண்டு சாட்டிலைட் கருவிகளில், பதிலும் வரக்கூடியதைக் குமரேசன் ஒதுக்கிவிட்டான். எடுத்துக்கொண்டதில் இரண்டே பொத்தான்கள். சிவப்பு, ஆபத்துக்கு. பச்சையை அமுக்கினால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று மனைவிக்குச் செய்தி போகும்.

“தெனம் ஒருதரம் அமுக்குறேன், போதுமா? தொணதொணக்காத.”

“நீங்க என்னைக்கு நல்லா இல்லேன்னு சொல்லியிருக்கீங்க?” என்றாள் பவானி.

மலையேறிய மூன்றாம் நாள் பாறை சரிந்து அவன் வலது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. பைப்பட்டையில் மாட்டியிருந்த கருவியின் சிவப்புப் பாதியும் பாறைக்கடியில் போய்விட்டது. இடதுகை விரலுக்கு எட்டியது பச்சை மட்டும்தான். அமுக்கினான். உடனே மறுபடியும் அமுக்கினான். அவள் மட்டும் இதை நம்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பதினேழாவது தடவையும் அமுக்கினான்.