பழைய டிஸ்க், புது லேப்டாப்

“இப்பவும் கருப்பாதாங்க இருக்குது. ஒரு கோடு மட்டும் மினுக்குது” என்றாள் மாலதி போனில்.

கடலூரில், கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ராஜவேல் கண்ணைக் கசக்கிக்கொண்டான். சர்வீஸ் கடையில் காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிர மறுத்தது.

சிதம்பரத்தில் மாலதிக்கு டைப்பிங் வேலை. கரண்ட் போனபோது சார்ஜ் தீர்ந்து பாதியில் அணைந்த புது லேப்டாப், அதற்குப் பிறகு எழவே இல்லை. ஓர் ஆராய்ச்சி மாணவியின் முழு ஆய்வேடும் அதற்குள் இருந்தது. சாயங்காலம் அந்தப் பெண் வாங்க வந்துவிடுவாள்.

“கம்ப்யூட்டர் கெளம்பலன்னா போடச் சொல்லி நான் எழுதிக் குடுத்த டிஸ்க்கப் போட்டியா?”

“போட்டேன். பழைய கம்ப்யூட்டர்ல போட்டா ஒடனே வரும். இது கண்டுக்கவே மாட்டேங்குது.”

“டிஸ்க்கு மேல தப்பில்ல. அது பழைய மெஷினுக்குன்னு எழுதினது. இது ஸ்டார்ட் ஆவுற விதமே வேற. ஆஃப் பண்ணிட்டு, ஆன் பண்ணும்போதே எஃப் டூவத் தட்டிக்கிட்டே இரு.”

தட்டினாள். லோகோ வந்தது, மறுபடி கருப்பு.

“விட்டுட்டேங்க.”

“பரவால்ல. திரும்பப் பண்ணு.”

அடுத்த முறையும் தவறியது. அவன் குரலில் கோபமில்லை, அவசரமும் இல்லை. அலுப்பு மட்டும் இருந்தது.

“ஒங்க அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இல்ல. காட்டுமன்னார்கோயில் போயிருக்காரு. அதான் கூப்ட்டேன்.” சட்டென்று நிறுத்தினாள். “நீலமா ஒண்ணு வந்துடுச்சிங்க.”

“அதான். அந்த செட்டிங்ஸ்ல ‘பூட்’னு இங்கிலீஷ்ல ஒரு பக்கம் இருக்கும் பாரு. அதுல யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“அத லெகஸின்னு மாத்து. பழைய மெஷின் மாதிரி கெளம்புன்னு சொல்றோம், அவ்ளோதான். மாத்திட்டு எஃப் டென் அழுத்து.”

டிஸ்க் சுழலும் சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

“வந்துடுச்சிங்க.” அவள் குரல் உடைந்தது. “ஃபைலெல்லாம் அப்பிடியே இருக்குது.”

“அழாத. மொதல்ல பென்டிரைவுல காப்பி பண்ணு. முடிச்சிட்டு, பழையபடி யூஇஎஃப்ஐக்கே மாத்தி வெச்சிடு.”

காப்பி ஆகும்வரை அவன் லைனிலேயே இருந்தான். கடைக்கு வந்தவரை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

“சாப்ட்டீங்களா?”

“இனிமேதான்.”

“நேரத்துக்குச் சாப்புடுங்க.”

“ம்.”

காப்பி முடிந்தும் போனை யாரும் வைக்கவில்லை. கடைசியில் அவன்தான் பேசினான்.

“நாளைக்குக் கோர்ட்ல டைவர்ஸ் ஆயிட்டாலும், எதுனா ரிப்பேர்னா கூப்புடு மாலதி.”