ஃபாதரின் அம்மா

முதல் கல் கருத்தரிப்பு மையத்தின் முகப்புக் கண்ணாடியை நொறுக்கியது. இரண்டாவது, உள்ளே இருந்த பூந்தொட்டியை உடைத்தது.

"ஒரு குழந்தைக்காக எத்தனை கருவைக் கொன்னீங்கடா? உறையவெச்ச உயிருக்கெல்லாம் ஆண்டவர்கிட்ட என்ன பதில் சொல்வீங்க?"

யாத்விகாவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. பங்குச் சாமியார் கயெத்தானைப் பெற்றவள் என்பதால், போலந்தின் அந்தச் சின்ன ஊரில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"இங்க நின்னு கத்தி என்ன பிரயோஜனம்? அந்த டாக்டர் பின்வாசல் வழியா நழுவிடுவான். வாங்க!"

அப்படியொரு வாசல் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. பேக்கரியை ஒட்டிய சந்துக்குள் கூட்டம் அவள் பின்னால் ஓடியது.

சொன்னபடியே டாக்டர் ஸாரெம்பா வெளியே வந்தார். எழுபதைத் தாண்டியவர். யாத்விகாவைக் கண்டதும் பாவம், சிரித்தார்.

"அட, நீங்களா..."

முடிக்க விடவில்லை. பதாகைக் கட்டையால் அவர் வாயிலேயே ஓங்கி அடித்தாள். இரண்டு பற்கள் தெறித்தன. விழுந்தவரை மற்றவர்கள் மிதித்தார்கள். கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டே மிதித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"நிறுத்துங்க!"

ஃபாதர் கயெத்தான் அங்கியோடு ஓடிவந்து டாக்டர்மேல் கவிழ்ந்து மறைத்தார். அவர் முதுகிலும் நாலு உதை விழுந்தது. யாரை உதைக்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் விலகியது.

போலீஸ் வந்தது.

"அடிச்சது யாருன்னு கையைக் காட்டுங்க டாக்டர். நீங்க சொன்னாத்தான் கேஸ் நிக்கும். சொல்லுங்க, உள்ள தள்ளிடறோம்."

யாத்விகா பதாகைக் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு ரத்தத்தைத் துப்பினார்.

"யாரும் அடிக்கல. படியில வழுக்கி விழுந்துட்டேன்."

ஆம்புலன்ஸில் ஃபாதரும் கூடவே ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தியதும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

"அம்மாவை மன்னிச்சிடுங்க."

"விடுங்க ஃபாதர். அவங்க பயம் அவங்களுக்கு."

"இன்னும் ஒரு உதவி செய்யணும்."

"என்ன?"

"நான் டெஸ்ட் டியூப் பேபின்னு எனக்குத் தெரியும்கிறது அம்மாவுக்குத் தெரியவே வேணாம், டாக்டர்."