என்னாலதான், டாக்டர்

“கழுத்தைத் தடவிக்கிட்டே இருக்காதீங்க. தொடத் தொட நெறிக்கட்டி பெரிசாகும்,” என்றாள் நர்ஸ்.

அவள் கையை எடுத்தாள். எடுத்த கை தானாகக் கழுத்துக்கே திரும்பியது. காய்ச்சல், தொண்டை வலி, முதுகில் தடிப்பு. ஒவ்வொன்றையும் செல்போனில் தேடிப் படித்துத் தூக்கம் போயிருந்தது. பெஞ்சில் பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே டாக்டரம்மா தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“வைரஸ் காய்ச்சல்தான். ஊரே இருமிக்கிட்டு இருக்கு. நீங்க எதுக்கும்மா எச்.ஐ.வி. டெஸ்டெல்லாம் கேக்கறீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். கணவன் முந்திக்கொண்டான்.

“என்னாலதான், டாக்டர். வெளியில ஒரு தப்பு நடந்துபோச்சு.”

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “என்ன வேலை?”

“லாரி ஓட்டறேன்.”

“ஓ.” அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. “வீட்ல இப்படி ஒரு பொண்ணை வச்சுக்கிட்டு! போங்க, ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க.”

நர்ஸ் அவளிடம் குனிந்து, “ஆம்பளைங்களே இப்படித்தான்க்கா. வாயில்லாப் பூச்சியா இருந்தீங்கன்னா தலையில ஏறி உக்காந்துக்குவாங்க,” என்றாள். அவனுக்கு ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

மறுபடியும் பெஞ்சு. அவள் எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள்.

“இருந்துட்டா?”

“இருந்தா மருந்து சாப்பிடுவோம். உக்காரு.”

டாக்டர் கூப்பிட்டார். “ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா சிலது ரத்தத்துல தெரிய நாளாகும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வாங்க. அதுவரைக்கும் இவரைக் கிட்ட சேர்க்காதீங்கம்மா.” அவன் பக்கம் திரும்பினார். “இனிமேலாவது ஒழுங்கா இருய்யா.”

“சரிங்க டாக்டர்.”

வாசலுக்கு வந்ததும் அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“லாரின்னு எதுக்குங்க சொன்னீங்க? உங்களுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.”

“வீட்லயே உக்காந்து தைக்கிற டைலர்னு சொன்னா நம்புவாங்களா?”

“ஆபீஸ் வேலைன்னு ஊர் ஊராப் போனது நான். தப்பு பண்ணினதும் நான். திட்டெல்லாம் உங்களுக்கா?”

“நீ சொல்லியிருந்தா அந்த நர்ஸ் உன்னை அக்கான்னு கூப்பிட்டிருப்பாளா?”

அவள் கைக்குட்டையை இறக்கினாள்.

“என்மேல கோபமே இல்லையா?”

“இருக்கு. நிறைய இருக்கு. அது நம்ம வீட்டுக்குள்ள.”

“மூணு மாசம் கழிச்சு திரும்ப வரணுமே.”

“வருவோம். அப்பவும் நான் லாரிதான்.”

ரத்தம் எடுக்கச் சுருட்டிவிட்ட அவள் சட்டைக் கை இன்னும் முழங்கைக்கு மேலேயே இருந்தது. அவன் அதை இறக்கி, மடிப்பை நீவி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டான்.