மாப்பிள்ளை போட்டோ

“இந்தா, மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்க” என்று கணபதி போட்டோவைத் தராசுத் தட்டில் விட்டெறிந்தார். நிறுக்க வைத்திருந்த லீக்ஸ் கட்டின் மேல் போய் விழுந்தது மாப்பிள்ளை முகம்.

மயூரி பார்க்கவில்லை. ஒரு விரலால் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள். “மொதல்ல கையெழுத்து போடுங்கப்பா. நாளைக்குத்தான் கடைசி நாள்.”

மாப்பிள்ளை அவளுக்குப் பார்த்தவர் அல்லர். இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போன அவள் அம்மா விஜயலெட்சுமி, போன இடத்தில் தனக்குத்தானே பார்த்துக்கொண்டவர். ஒன்பது வருஷமாகக் கணபதி சொல்லிவரும் கதை இது. போட்டோவை மட்டும் இன்றுதான் முதன்முதலாக வெளியே எடுத்திருந்தார்.

எடுக்கவைத்தது அந்தப் படிவம். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் இத்தாலி மொழி படிக்கும் மகள், ஆறு மாதம் அந்த நாட்டிலேயே போய்ப் படிப்பதற்கு, பெற்றவரின் சம்மதம் வேண்டும் என்று சொந்த ஊரான லுணுகலைக்கு பஸ் ஏறி, நேரே மரக்கறிக் கடைக்குள் வந்து நின்றாள்.

“ஒலகத்துல வேற படிப்பே இல்லையா? ஒங்கம்மாவ முழுங்குன நாட்டுப் பாஷதான் கெடச்சிச்சா?”

“தெரிஞ்சுதான் எடுத்தேன். அம்மாகிட்ட தமிழ்ல கேட்டுருவேன். அந்தாளுகிட்ட கேக்க இத்தாலி பாஷ வேணும்ல?”

“கேட்டு கிழிச்ச. மூணு வருஷமா அங்க என்னாத்தத்தான் சொல்லிக்குடுக்குறாங்க?”

“பாஷ, சரித்திரம், அவங்க பழக்கவழக்கம். எந்த நாளைக்கு என்ன சமைப்பாங்க, எதுக்கு எந்தப் பூ வைப்பாங்க, எல்லாந்தான்.”

“பூவுக்குமா பாடம்?” கணபதி சிரித்தார். அழுகின தக்காளியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களுக்கென்றே அவர் வைத்திருக்கும் சிரிப்பு அது. “தோட்டத்து லயத்துல பொறந்தவ மகளுக்கு பூப் பாடம்.”

கரட் வாங்க வந்த ஒரு அம்மாள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விலையே கேட்காமல் பையை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள்.

“நீங்க தேடியாவது பாத்தீங்களாப்பா?”

“எந்தப் பேர்ல தேடுறது? போனதே வேறொருத்தி பாஸ்போட்டுல. வாரம் தவறாம போன் எடுத்தவ, அந்தப் புரட்டாசியோட நிப்பாட்டுனா. தீவாளி முடிஞ்சு மூணு கெழமையில இந்தப் போட்டோ வந்திச்சு.”

“கூட லெட்டர் ஒண்ணும் இல்லையா?”

“ஒரு காகிதம் இருந்திச்சு. அவனுங்க எழுத்து. அடுப்புல போட்டேன்.”

“யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டி? எம்பொண்டாட்டி எவங்கூட இருக்கான்னு பதுளை டவுன்ல ஒருத்தன் எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டணுமாக்கும்.”

விஜயலெட்சுமியைத் திட்டுகிற விஷயத்தில் மட்டும் அப்பனும் மகளும் எப்போதும் ஒரே கட்சி. “நான் பெரிய மனுசி ஆனப்பகூட ஒரு போன் இல்ல. சும்மா விடுவேனா?” என்றாள் மயூரி.

அந்தக் குரலில் தெறித்த சூடு கணபதிக்குப் பிடித்திருந்தது. வெலிமடைக் கிழங்கு மூட்டைக்கு விலை பேசுகிறவரைப் போலக் கண்ணைச் சுருக்கினார்.

“சரி. கையெழுத்து போடுறேன். ஆனா சும்மா இல்ல. நீ போயி, அவ மூஞ்சியில இந்தப் போட்டோவ விட்டெறியணும். ‘எங்கப்பன் திருப்பிக் குடுக்கச் சொன்னாரு’ன்னு சொல்லணும்.”

“சொல்றேன்.”

“அவ அழுதாலும்?”

“அழுதாலும்.”

பேரம் படிந்தது. கணபதி காதிலிருந்த பேனாவை எடுத்துப் படிவத்தை லீக்ஸ் ஈரம் படாத இடத்தில் விரித்தார்.

“ஆள் மாறி எறிஞ்சுட்டு வந்துறாத. கறுப்புக் கோட்டு போட்டவன். பின்னால வெள்ளக் கட்டடம், மேல சிலுவ. சர்ச்சுலதான் கட்டியிருக்காங்க. ஒரு கையில தொப்பி. மரியாதையாம், கழட்டி வச்சிருக்கான். மத்த கையில ஒரு கட்டு செவ்வந்தி.” பேனா எழுதவில்லை, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். “எனக்குக் கழுத்த நீட்டுனப்பவும் அவ கழுத்துல அப்புத்தளை செவ்வந்தி மாலதான். புருஷன மறந்தவ பூவ மறக்கல பாரு.”

“அம்மா எங்க நிக்கிறாங்க?”

“மாப்பிள்ள தனியா நிக்கிறான்னா என்னா அர்த்தம்? போட்டோ புடிச்சதே அவதான்.”

மயூரி போட்டோவைப் பைக்குள் வைக்க எடுத்தாள். வைக்குமுன் திருப்பினாள்.

கணபதி ஒரு நல்ல வசவை எதிர்பார்த்தார். அவளோ வெளிச்சத்துக்காகக் கடை வாசல்வரை போனாள். கோட்டுக்காரனின் முகத்தை விட்டுவிட்டுப் பூவின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து கிழங்கு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

“என்னா, ஒஞ் சின்னப்பன் அழகா இருக்கானா?” பேனாவில் இப்போது மை வந்துவிட்டது. கணபதி தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

“அப்பா.”

“சொல்லு.”

“அங்க செவ்வந்திய செத்தவங்களுக்கு மட்டுந்தாம்பா கொண்டுபோவாங்க.”