பூனை மேடம் அணைத்த எஞ்சின்

ஓடுதள ஓரத்தில், உறுமிக்கொண்டிருக்கும் தீயணைப்பு வண்டிக்குள்ளிருந்து ஓட்டுநர் அண்ணாந்து பார்க்கிறார். இறங்கும் சத்தமே கேட்காது என்பதால் தளமே 'பூனை மேடம்' என்றழைக்கும் சோதனை விமானி, புது ஹெலிகாப்டரின் எஞ்சினை நடுவானில் வேண்டுமென்றே அணைக்கிறார். இரைச்சல் அறுந்துபோய், தானாகச் சுழலும் இறக்கைகள் காற்றைக் கிழிப்பது மட்டும் கேட்கிறது. கல்லாய் இறங்குகிறது அது. ஓட்டுநர் கியரைப் போட்டு, வண்டியைக் கிளப்பத் தயாராகிறார். தரை நெருங்கியதும் ஹெலிகாப்டர் மூக்கை நிமிர்த்தி, புல்லைப் படியவைத்து, மெத்தென்று உட்காருகிறது. மேடம் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வருகிறார். "என்னண்ணே, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" "உசுரு போயிட்டு வந்துச்சும்மா." "கொஞ்சம் வலப்பக்கம் இழுக்குது. நாளைக்கு இதை ஓட்டப்போற பசங்களுக்கு இழுக்கக் கூடாதுல்ல? இன்னொரு தடவை அணைச்சுப் பாத்துடறேன்." சிரித்தபடி திரும்பி நடக்கிறார். ஓட்டுநர் தன் வண்டியின் எஞ்சினை ஒருமுறை அணைத்துப் பார்க்கிறார். தரையில் நிற்கும்போதே அந்த அமைதியைத் தாங்க முடியாமல், சட்டென்று சாவியைத் திருப்புகிறார்.